விடிகாலைக் காபியைப் போட்டது யார்?

நாவலை எழுதி முடிப்பது எப்படி என்ற அறிவுரைக்கு இன்று பஞ்சமே இல்லை. பயிலரங்குகளில் சொல்கிறார்கள், நேர்காணல்களில் சொல்கிறார்கள், அதற்கென்றே தனிப் புத்தகங்களும் வருகின்றன. யார் சொன்னாலும் சாரம் ஒன்றுதான். விடிகாலையில் எழுந்திரு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார். இன்றைக்கு இத்தனை சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொள். போனை அணைத்துவிடு. கதவைச் சாத்து. ஒரு நாளும் விடாதே.

இதில் பொய் எதுவும் இல்லை. நாவல் அப்படிப்பட்ட வடிவம்தான். ஒரு கவிதையைப் பேருந்து நெரிசலில் நின்றுகொண்டே மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறுகதையை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்து நிறுத்திவிடலாம். நானூறு பக்க நாவலை அப்படி எழுத முடியாது. நேற்று விட்ட இடம் இன்று நினைவிருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் வந்த பெரியம்மாவின் குரல் முப்பதாம் அத்தியாயத்திலும் அதே குரலாக இருக்க வேண்டும். தொடர்ச்சி அறுந்தால் நாவல் அறுந்துவிடும்.

ஆனால் இந்த அறிவுரை யாரைப் பார்த்துப் பேசுகிறது? ‘விடிகாலையில் எழுந்திரு’ என்றால், எழுந்ததும் நேராக மேசைக்குப் போகக்கூடியவரிடம் சொல்வது. எழுந்ததும் அடுப்படிக்குப் போகிறவர் ஏற்கெனவே விடிகாலையில்தான் எழுந்துகொண்டிருக்கிறார். அவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கதவைச் சாத்து’ என்றால், சாத்திய கதவு சாத்தியபடியே இருக்கும் வீட்டில் வாழ்கிறவரிடம் சொல்வது. பழக்கம் என்பது தனிமனித மன உறுதியின் விளைவு என்று இந்தப் புத்தகங்கள் நம்மை நம்பவைக்கின்றன. அந்தப் பழக்கத்தைத் தாங்கிப் பிடித்த கைகளை அவை காட்டுவதில்லை. அவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஐந்து பவுண்டு

பழக்கத்தின் பெருமை பேசுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தோணி டிராலப்பிடம் வந்து சேர்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர். பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் தன் எழுத்துமுறையை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். காலை 5.30 மணிக்கு மேசை முன் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இப்படி மூன்று மணி நேரம் எழுதிவிட்டுத்தான் அன்றைய மற்ற வேலைகள். இன்று நமக்கு உபதேசிக்கப்படும் பழக்க சாஸ்திரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

அதே சுயசரிதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டிராலப்பை எழுப்பிவிடுவது அவர் வீட்டுக் குதிரைலாயத்தில் வேலை பார்த்த ஒரு முதியவரின் பொறுப்பு. அதற்காக அவருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த முதியவர் ஒரு நாளும் தாமதிக்காமல் காபியோடு வந்து எழுப்பியிருக்கிறார். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகக்கூட டிராலப் கருதினார். டிராலப் நேர்மையான மனிதர். கடிகாரத்தையும் சொன்னார், காபியையும் சொன்னார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு காபியை விட்டுவிட்டார்கள்.

டிராலப்புக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் விடை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவருடைய அம்மா ஃபிரான்செஸ் டிராலப். கணவரின் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்று, குடும்பம் கடனில் மூழ்கியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எழுத ஆரம்பித்தவர். முதல் புத்தகம் 1832இல் வந்தது. கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்கு ஓடிப்போனது. அங்கே காசநோயில் கிடந்த மகனையும் நோயாளிக் கணவரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் நாவல் எழுதினார். மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் அம்மாவின் அறையில் சமமாக இடம்பிடித்திருந்ததை மகன் நினைவுகூர்கிறார். மகன் 1834இல் இறந்தார், கணவர் 1835இல் இறந்தார். எழுத்து நிற்கவில்லை, ஏனென்றால் வீட்டு வாடகை அதிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. மற்றவர்கள் எழுவதற்குள் அன்றைய எழுத்தை முடித்துவிடுவதற்காக அந்த அம்மாள் விடிகாலை நான்கு மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார்.

மகனுக்குக் காபி வந்தது ஐந்து பவுண்டுக்கு. அம்மாவை எழுப்பிக் காபி கொடுக்க யாராவது இருந்தார்களா என்று மகனின் புத்தகம் சொல்லவில்லை. மகன் வேலைக்குப் போகும் முன் எழுதினார்; அம்மா வேலை தொடங்கும் முன் எழுதினார். இரண்டு வாக்கியங்களும் ஒன்றுபோலத் தெரியலாம். மகனுடைய வேலை ஓர் அலுவலகத்தில் ஒரு நேரத்தில் முடிந்தது. அம்மாவுடைய வேலை அவர் மேசைக்கு அடுத்த கட்டிலில் இருமிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ‘டிராலப் முறை’ என்று உலகம் சொல்வது மகனைத்தான்.

ரஷ்யாவிலும் கதை வேறு இல்லை. 1866இல் தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலை 26 நாட்களில் முடித்தது எழுத்துலகின் பெரிய சாகசமாகச் சொல்லப்படுகிறது. கெடு தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளைப் பணம் கொடுக்காமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்குப் போய் அதை முழு எழுத்தில் பெயர்த்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தவர் 20 வயது அன்னா. அடுத்த ஆண்டு அவரையே தஸ்தயேவ்ஸ்கி மணந்துகொண்டார். தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ கையெழுத்துப் பிரதியைப் பலமுறை படியெடுத்தவர் சோஃபியா. 13 பிள்ளைகள் பெற்றவர். சோஃபியாவும் எழுதினார். கணவரின் ‘குரூட்சர் சொனாட்டா’வுக்குப் பதிலாக அவர் எழுதிய ‘யாருடைய தவறு?’ என்ற சிறுநாவல் 1890களில் எழுதப்பட்டு, 1994இல்தான் அச்சுக்கு வந்தது. ஒருவருடைய பழக்கம் இன்னொருவருடைய நூறாண்டு மௌனத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

மேசன் கரி என்ற அமெரிக்கர், படைப்பாளிகளின் அன்றாடப் பழக்கங்களைத் தொகுத்து 2013இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகம் முழுக்க விற்றது. அதில் இடம்பெற்ற 161 பேரில் பெண்கள் 27 பேர். 2019இல் பெண்களுக்கென்றே இரண்டாவது தொகுதியைக் கொண்டுவந்தபோது, முதல் தொகுதியில் நேர்ந்த இந்தக் குறையை அவரே ஒப்புக்கொண்டார். எண்ணிக்கையைச் சரிசெய்தது நல்ல காரியம். ஆனால் பெண்களின் பெயர்களைச் சேர்ப்பதால் மட்டும் கேள்வி தீராது. முதல் தொகுதியில் உள்ள 134 ஆண்களின் அட்டவணையிலும் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, வீடு அமைதியாக இருக்கிறது. அதைச் செய்தவர்கள் யார் என்பதும் அந்தப் பழக்கத்தின் வரலாறுதான்.

சிதறல் என்ற சொல்

‘கவனச்சிதறலைத் தவிர்ப்பது’ என்பது இந்த அறிவுரைகளின் இன்னொரு பாதி. சிதறல் என்ற ஒரே மூட்டைக்குள் எவற்றையெல்லாம் கட்டுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போனில் விரல் தேய்த்துக்கொண்டு போகும் நேரம் ஒன்று. குழந்தையின் காய்ச்சல் இன்னொன்று. மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம், எரிவாயு சிலிண்டர் வரும் நேரம், தண்ணீர் லாரி வரும் நேரம், நாளைய தோசைக்கு அரிசி ஊறப்போடும் நேரம். முதலாவது எழுதுகிறவரின் கவனத்தை வீணாக்குகிறது. மற்றவை உயிர்வாழ்வதற்கான வேலை. ஆணுக்கு அது சிதறல், ஏனென்றால் அதை யாராவது செய்துவிடுவார்கள். பெண்ணுக்கு அதைச் சிதறல் என்று சொல்வது, அந்த வேலையையும் அவளையும் ஒரே நேரத்தில் இழிவுபடுத்துவது.

எண்களைப் பார்க்கலாம். இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த 88 நிமிடங்களும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. செய்யாதவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 2019 கணக்கெடுப்பில் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம் என்றால், ஆண்கள் 26.1 சதவீதம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. 289இல் 88ஐக் கழித்தால் 201 நிமிடங்கள். டிராலப் தினமும் எழுதிய மூன்று மணி நேரத்தைவிட இது அதிகம். அவருடைய வேகத்தில் 3,350 சொற்கள் எழுதலாம். நம் வீடுகளில் தினமும் ஒரு நாவலின் ஓர் அத்தியாயம் பாத்திரத் தொட்டியில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று உலகப் புகழ்பெற்ற ‘பொமடோரோ’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 நிமிடம் வேலை, பிறகு சிறு ஓய்வு. பொமடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் படிப்பதற்குப் பயன்படுத்திய, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்திலிருந்து வந்த பெயர். சமையலறையில் இருக்கும்போது அந்தக் கடிகாரம் ஒரு பெண்ணிடம் ‘வந்து அடுப்பை அணை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. படிப்பு மேசைக்குப் போனதும் ‘யாரும் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. நம் வீட்டுக் குக்கர் விசிலுக்கு அப்படிப்பட்ட பதவி உயர்வு இன்னும் கிடைக்கவில்லை.

போனை அணைப்பதும் எல்லோருக்கும் ஒரே செயல் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் அழைப்பது அம்மாவின் எண்ணைத்தான். குழந்தையின் வீட்டுப்பாடம், ஊரில் இருக்கும் அப்பாவின் மருத்துவமனைத் தேதி, குடியிருப்பின் தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் அவளுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் வருகின்றன. அவள் போனை அணைத்தால் இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று நடக்காமல் நின்றுபோகும், அதற்கான விசாரணையும் நடக்கும். கணவன் போனை அணைத்தால் ‘அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று பதில் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். இதற்காக, பெண்கள் போனில் வீணாக்கும் நேரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு, நிறையவே உண்டு. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லாததையும் சேர்த்து நம் ஒழுங்கீனம் என்று எழுதிவைக்கும்போதுதான் சண்டைக்குப் போக வேண்டியிருக்கிறது.

சாட்டன் வீட்டு ஏற்பாடு

பெண்கள் எப்படி எழுதினார்கள் என்று பேச்சு வந்தால் ஜேன் ஆஸ்டினின் கிறீச்சிடும் கதவு வந்துவிடும். பொதுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார், கதவு கிறீச்சிட்டால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து தாள்களை மறைத்துவிடுவார் என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்தார். பெண்ணின் பொறுமைக்கும் தந்திரத்துக்கும் அது ஒரு அழகான சித்திரமாகிவிட்டது. அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1809இல் ஆஸ்டின் சாட்டன் கிராமத்து வீட்டுக்குக் குடிவந்தார். அம்மா, அக்கா கசான்ட்ரா, தோழி மார்த்தா லாய்ட் ஆகியோர் உடன் இருந்தார்கள். வீட்டு நிர்வாகத்தைப் பெரும்பாலும் கசான்ட்ராவும் மார்த்தாவும் எடுத்துக்கொண்டார்கள். ஜேனின் பொறுப்பு காலைச் சிற்றுண்டி ஒன்றுதான்.

அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக, வாடகை வீடு வாடகை வீடாக அலைந்த காலத்தில் அவர் தொடங்கிய ‘வாட்சன்கள்’ என்ற நாவல் பாதியில் நின்றுபோனது. சாட்டன் வீட்டுக்கு வந்த பிறகு ஏழு ஆண்டுகளுக்குள் நான்கு நாவல்கள் வெளிவந்தன. அதே ஆஸ்டின், அதே மேதைமை. மாறியது வீட்டு ஏற்பாடு. கதவைச் சரிசெய்ய வேண்டாம் என்று ஆஸ்டின் சொன்னாராம். கதவு கிறீச்சிட்டதால் அந்த நாவல்கள் முடியவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பெண்ணுக்குக் காலைப்பொழுதை விட்டுக்கொடுத்ததால் முடிந்தன.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணுக்குச் சொந்த அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று எழுதினார். எழுத்தை மேதைமையின் உயரத்திலிருந்து இறக்கி, வாடகையின் பக்கத்தில் உட்காரவைத்த அந்த வாதத்துக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தப் புத்தகம் எழுதப்பட்ட வீட்டில் சமைத்தவர் நெல்லி பாக்ஸால். 1916 முதல் 1934 வரை வுல்ஃப் வீட்டில் வேலை பார்த்தவர். வுல்ஃபின் நாட்குறிப்புகளில் நெல்லியோடு நடந்த சச்சரவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு பெண்ணின் சொந்த அறைக்குக் காவல் நின்றது இன்னொரு பெண்ணின் உழைப்பு.

இது லண்டன் கதை மட்டும் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ நடுத்தரவர்க்கப் பெண் எழுத்தாளர் காலை ஒன்பது முதல் பதினொன்றுவரை எழுதுகிறார் என்றால், அந்த நேரத்தில் பாத்திரம் தேய்ப்பவர் வந்து போயிருக்கிறார். அவர் அதற்குமுன் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வந்தவர். அவருடைய சாதி என்ன, அவருக்குத் தனி டம்ளரா என்ற கேள்விகள் இன்னும் பல வீடுகளின் அடுப்படியில் உயிரோடு இருக்கின்றன. டிராலப்பாவது ஐந்து பவுண்டைக் கணக்கில் எழுதிவைத்தார். நம்மில் எத்தனை பேர் நம் நாவலின் நன்றியுரையில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறோம்? குர்கானில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பேபி ஹால்தார், வேலையெல்லாம் முடித்துப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய தன்வரலாறு 2002இல் இந்தியில் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. எழுதத் தூண்டி நோட்டும் பேனாவும் தந்தவர் அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர். ‘எழுதுகிறவள்’ என்றும் ‘எழுதுகிறவளுக்காகப் பாத்திரம் தேய்க்கிறவள்’ என்றும் பெண்களை இரண்டு சாதியாகப் பிரித்துவைத்துக்கொண்டு பெண்ணெழுத்தின் பழக்கங்களைப் பேச முடியாது.

திருடிய நேரத்தின் புகழ்

நம்மிடம் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது நம் பக்கத்து ஆபத்து. திருடிய நேரத்தில் எழுதிய பெண்களைக் கொண்டாடிக் கொண்டாடி, திருட்டையே ஒரு எழுத்துமுறையாக்கிவிடுவது.

சல்மாவை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகு, இரவில் எல்லோரும் தூங்கியதும் கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதியதை அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். எழுதிய தாள்கள் வீட்டைவிட்டு ரகசியமாக வெளியேற அவருடைய அம்மா உதவினார். இதைப் படிக்கிற யாருக்கும் மனம் நெகிழும். நெகிழ்ந்ததோடு நிறுத்திக்கொள்வதில்தான் வம்பு. அவருடைய புத்தகங்கள் வந்த வரிசையைப் பாருங்கள். 2000இல் முதல் கவிதைத் தொகுப்பு. 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் வென்று பொன்னம்பட்டியின் தலைவர் ஆகிறார். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற பெரிய நாவல் 2004இல் வருகிறது. இதை நான் காரணகாரியமாகக் கட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதிய பெண்ணைப் போற்றுகிறவர்கள், உட்கார ஒரு நாற்காலி இருந்திருந்தால் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார் என்றும் கேட்க வேண்டும்.

வை.மு.கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பால்யத்திலேயே திருமணமானவர், பள்ளிக்கூடம் போகாதவர். ஆரம்பத்தில் அவருக்குத் தடையில்லாமல் எழுத வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். தஸ்தயேவ்ஸ்கிக்கு ஓர் அன்னா என்றால் கோதைநாயகிக்கு ஒரு பட்டம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்த ஆரம்பித்ததும், மாதாமாதம் இதழ் வந்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தமே அவருக்குப் பழக்கத்தைக் கொடுத்தது. வீடு, மேடைப்பேச்சு, விடுதலைப் போராட்டம், சிறைவாசம் எல்லாவற்றுக்கும் நடுவில் தொடர்கதை நிற்கவில்லை. அவருடைய நாவல்களின் தரம் பற்றி வேறு இடத்தில் விவாதிக்கலாம். எழுதி முடிப்பது என்ற விஷயத்தில் அவரிடம் இருந்தவை மூன்று: எழுதிக்கொடுக்க ஒரு தோழி, முட்டுக்கட்டை போடாத கணவர், காத்திருக்கும் வாசகர்கள். மன உறுதி இந்த மூன்றின் மேல்தான் நின்றது.

ராஜம் கிருஷ்ணன் வேறு மாதிரி. அவரும் இளம் வயதில் திருமணமானவர். கூட்டுக் குடும்பத்தில் எழுதக் கற்றுக்கொண்டவர். ஆனால் நாற்காலியை விட்டு எழாதே என்ற அறிவுரை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். தொழிலாளர்களோடு பேசிவிட்டு வந்து எழுதினார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு பயணம், ஒரு களம். எழுதாமல் உப்பளத்தில் நின்ற நாட்களும் அவருக்கு எழுத்து நாட்கள்தான். தினம் 1,000 சொற்கள் என்று கணக்குப் போட்டால் அந்த நாட்களுக்குப் பூஜ்யம் விழும். ஒரு பெண் தனியாக ஊர் விட்டு ஊர் போவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், நாவலுக்காகப் பயணம் போவதைப் பழக்கமாக்கிக்கொண்டதுதான் அவருடைய ஒழுக்கம்.

எழுதி முடித்தவர்களின் கதையை மட்டும் சொல்வதும் ஒருவகை ஏமாற்றுதான். டில்லி ஓல்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1932இல் ஒரு நாவலைத் தொடங்கினார். பிறகு நான்கு மகள்கள், கூலி வேலைகள், தொழிற்சங்கம். நாவல் நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்துப் பழைய தாள்கள் கண்டெடுக்கப்பட்டு, 1974இல் முடிவு பெறாத நாவலாகவே ‘யொனோன்டியோ’ வெளிவந்தது. 1978இல் ‘மௌனங்கள்’ என்ற புத்தகத்தில், எழுதப்படாமல் போன எழுத்துகளைப் பற்றி அவர் எழுதினார். நம் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இருக்கும் நோட்டுப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தால் தமிழில் எத்தனை யொனோன்டியோக்கள் கிடைக்கும்?

பழக்கம் நமக்கும் வேண்டும்

இவ்வளவும் சொன்னபின், பழக்கமே ஆண்களின் ஏமாற்று வேலை என்று தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அப்படிச் செய்தால் நாவலை அவர்களிடமே விட்டுவிட்டதாகிவிடும். டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழுந்து ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்கு முன் எழுதியவர். அந்த விடிகாலையில் அவர் எழுதாமல் இருந்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். வேண்டியது பழக்கத்தைத் திருத்தி எழுதுவது.

முதல் திருத்தம்: நேரத்தைத் திருடாமல் அறிவிப்பது. ‘எல்லாம் முடிந்தபின் எழுதுகிறேன்’ என்ற வாக்கியத்தில் ‘எல்லாம்’ ஒருநாளும் முடியாது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு முதல் ஒன்பதுவரை நான் எழுதுவேன், இரவுச் சாப்பாடு உன் பொறுப்பு என்று வீட்டில் சொல்வது, எந்தச் செயலியையும்விடப் பயனுள்ள எழுத்துக் கருவி. தினமும் முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள். தினமும் எழுதாதவள் எழுத்தாளர் இல்லை என்ற சட்டத்தை, தினமும் மூன்று வேளை சமைக்காதவர்கள்தான் போட்டிருக்கிறார்கள். அறிவிப்பது எல்லா வீட்டிலும் சாத்தியமில்லை என்பதும் தெரியும். அறிவித்தால் அடி விழும் வீடுகள் இருக்கின்றன. அங்கே ரகசியம்தான் பாதுகாப்பு. அந்தப் பெண்ணிடம் ஒழுக்கம் பற்றிப் பேசும் தகுதி நம் யாருக்கும் கிடையாது.

இரண்டாவது திருத்தம்: இடையூறைக் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதுவது. யாராவது கூப்பிடத்தான் போகிறார்கள் என்று தெரிந்தால், எழும் முன் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டு எழலாம். திரும்பி வரும்போது அந்த ஒரு வரி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகும். நாளின் கணக்கைச் சொற்களில் வைக்காமல் காட்சியில் வைக்கலாம். ‘அத்தை வீட்டுக்கு வருகிறாள்’ என்ற காட்சி முடிய ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். முடிந்தது முடிந்ததுதான்.

மூன்றாவது திருத்தம் கொஞ்சம் கடினமானது. எந்தப் போனையும்விடப் பெரிய சிதறல் நமக்குள்ளேயே இருக்கிறது. அத்தை வருகிற காட்சியை எழுத ஆரம்பித்ததும், உண்மையான அத்தை படித்தால் என்ன நினைப்பாள் என்ற கேள்வி வரும். அந்தக் கணத்தில்தான் தோசைக்கு அரிசி ஊறப்போடவில்லை என்பது ஞாபகம் வரும். வுல்ஃப் 1931இல் ஆற்றிய ஓர் உரையில், தன் தோளுக்குப் பின்னால் நின்று நல்ல பெண்ணாக எழுதச் சொல்லும் ‘இல்லத்துத் தேவதை’யை மைப்புட்டியை எறிந்து கொன்றதாகச் சொன்னார். நம் ஊரில் அந்தத் தேவதைக்குக் குலப்பெருமை என்றும் ஊர்வாய் என்றும் வேறு பெயர்கள் உண்டு. பெண்களின் நாவல்கள் பல, நேரமில்லாமல் நிற்பதைப்போலவே இந்தப் பயத்தாலும் நிற்கின்றன. நேரமின்மை வெளியே சொல்லக்கூடிய காரணம். பயம் சொல்ல முடியாத காரணம். இதற்கு மருந்து தனியாக உட்கார்ந்து பல்லைக் கடிப்பது இல்லை. எழுதியதை முதலில் வாசித்துக் காட்ட இரண்டு மூன்று பெண்கள் வேண்டும். ‘இதை எழுதலாமா’ என்று கேட்காமல் ‘அடுத்து என்ன ஆச்சு’ என்று கேட்பவர்கள் வேண்டும்.

நான்காவது, நமக்கு மட்டுமானது இல்லை. ஆண் எழுத்தாளர்களிடம் அவர்களுடைய எழுத்துப் பழக்கம் பற்றிப் பேட்டி எடுப்பவர்கள் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதும் நேரத்தில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? பெண்களிடம் ‘வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சமாளிக்காமலே நாவல் எழுதியவர்களிடம் அதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அறிமுகமான பெண் ஒருத்தி ‘ஒரு நாவல் பாதியில் கிடக்கிறது’ என்று சொன்னால், உடனே அவளுக்கு அலாரம் வைக்கச் சொல்லித்தருகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எந்த இடத்தில் நிற்கிறது? அந்த இடத்தை எழுத என்ன பயமாக இருக்கிறது? வாரத்தில் எந்த மாலை உனக்குக் கிடைத்தால் உதவியாக இருக்கும்? அன்றைக்கு உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளட்டுமா? சாட்டன் வீட்டில் மார்த்தாவும் கசான்ட்ராவும் செய்தது இதைத்தான். பட்டம்மாள் செய்ததும் இதைத்தான். நமக்குத் தெரிந்த யாராவது ஒருத்தியின் நாவல் இந்த ஆண்டு முடிவதற்கு, நம்மில் யாராவது ஒருத்தி ஒரு மாலைப்பொழுது அவள் வீட்டுக்குப் போனால் போதுமானதாக இருக்கலாம்.